சார்ஜைத் தீர்க்கப் போன நாள்

இந்த உலகத்தில் என்னால் ஓட்ட முடிந்த கார் ஒன்றே ஒன்றுதான். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஷெட்டுக்கு அடியில் நிற்கிற எலெக்ட்ரிக் கார். கியர் இல்லாத வண்டி எத்தனையோ இருக்கிறதே, எது கிடைத்தாலும் ஓட்டலாமே என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஐம்பதை நெருங்கும் வயதில், முழங்காலில் ஆபரேஷன் தழும்போடு, பயந்து பயந்து ஸ்டியரிங் பிடித்தவள் நான். என் கையும் காலும் நம்புவது அந்த ஒரு வண்டியைத்தான்.

நான் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை என் பாலிசிதாரர்கள் சிதறிக் கிடக்கிறார்கள். முடிச்சூரில் ஒருவருக்குப் பாலிசி முதிர்ந்திருக்கும். அதே வாரத்தில் சேலையூரில் ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் நான் போயாக வேண்டும். போனில் பேசி முடிக்கிற வியாபாரம் இல்லை இது. காப்பி குடித்து, கல்யாண ஆல்பம் பார்த்து, அதற்கப்புறம்தான் கையெழுத்து வாங்க முடியும். பல வருடம் ஸ்கூட்டரில்தான் சுற்றினேன். ஒரு மழை நாளில் கேம்ப் ரோடு அருகே, தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருந்த பள்ளம் என்னையும் ஸ்கூட்டரையும் கவிழ்த்தது. ஸ்கூட்டருக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு இடது முழங்கால் போனது. இனி இரண்டு சக்கரம் வேண்டாம், கிளட்ச் மிதிக்கிற கார் அதைவிட வேண்டாம் என்றார் டாக்டர். கமிஷனில் மிச்சம் பிடித்ததையெல்லாம் வழித்துப் போட்டு இந்தக் காரை வாங்கினேன். அது வந்த பிறகுதான் யார் தயவும் இல்லாமல் மறுபடி வெளியே போனேன்.

அந்தக் காரைத்தான் போன ஆயுத பூஜைச் சமயத்தில் விற்றுவிடுவது என்று முடிவு கட்டினார் என் கணவர்.

அவர் கெட்டவர் இல்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். அவரைக் கெடுத்தது எங்கள் வீட்டு இன்வெர்ட்டர். பேட்டரி என்றால் அவருக்கு அதுதான். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மாதாமாதம் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கிக் குடித்துவிட்டு, மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ சரியாகக் கத்திரி வெயிலில், சரியாக விருந்தாளிகள் வந்திருக்கும் நாளில் உயிரை விடும். அப்படி அவர் கையாலேயே நிறைய பேட்டரிகளைப் பழைய சாமான்காரரிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார். காரை டெலிவரி எடுத்த அன்று, எல்லாரும் சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும்போது, இவர் விற்பனையாளரிடம் போய் இதற்கு டிஸ்டில்ட் வாட்டர் எங்கே ஊற்ற வேண்டும் என்று கேட்டார். இது சீல் வைத்த பேட்டரி, திறக்கவே முடியாது என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. திறந்து பார்க்க முடியாத பேட்டரி என்றதும் இவருக்குப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

அடுத்த வாரமே வீட்டில் சட்டங்கள் பிறந்தன. எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. இருபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஹைவேயில் இருக்கிற வேகச் சார்ஜர் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. வேலை விஷயமாகப் போனால் சரி, சும்மா ஊர் சுற்ற எடுக்கக் கூடாது. ஏ.சி. போடுவது மே மாதத்தில் மட்டும், அதுவும் முகம் சிவந்த பிறகு. ஒரு பேட்டரிக்கு இத்தனை தடவைதான் சார்ஜ் என்று பிரம்மா எழுதியிருக்கிறான், ஒவ்வொரு தடவையும் ஒன்று கழிகிறது என்பது அவருடைய சித்தாந்தம். தினமும் காலையில் சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்தே போவார். கொளுத்துகிற வெயிலில் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. நான் விட்டுவிடுகிறேன் என்றால், இதற்கெல்லாமா பேட்டரியைத் தேய்ப்பது என்பார். இத்தனைக்கும் ஷெட்டில் கார் எண்பது சதவீதத்தோடு சும்மாதான் நிற்கும்.

மழைக்காலம் வந்தால் வேறு கூத்து. ஏரி நிரம்பப் போகிறது என்று வாட்ஸப்பில் யாராவது கிளப்பிவிட்டால் போதும், முதல் ஆளாகக் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்தச் சொல்வார். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் பீரோ நனையுமே என்ற கவலை அப்புறம்தான்.

ஒருமுறை அவருடைய சிக்கனமே எங்களுக்கு வினையானது. கால் வலி அதிகமாகி நான் சில வாரம் வெளியே போகவில்லை. கார் ஷெட்டிலேயே நின்றது. பிறகு ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தால், பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லை. ஹாரனுக்கும் விளக்குக்கும் பூட்டுக்கும் என்று சின்னதாக ஒரு சாதாரண பேட்டரி வைத்திருப்பார்களாம். ஓட்டாமலே கிடந்ததில் அதுதான் இறங்கிவிட்டது. ஓட்டினால்தான் இது உயிரோடு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார் மெக்கானிக். என் கணவர் காதில் விழுந்தது "பேட்டரி போனது" என்பது மட்டும்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இந்தப் பேய்க்குச் சாம்பிராணி போட்டு ஆட வைத்தவன் என் தம்பி. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிற புரோக்கர். நானும் அவனும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான், ஆனால் தொழிலுக்குப் போன பிறகு அவன் பேச்சே வேறாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். டயரை உதைத்துப் பார்ப்பான். பிறகு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவான்.

"எட்டு வருசம் வாரண்டி முடிஞ்சிச்சின்னா இது வெறும் டப்பா மாமா. புது பேட்டரி பாதி கார் விலை கேப்பான். இப்பவே தள்ளிவுட்டா பார்ட்டி கீது. அக்காவுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். கமிஷன் யாருக்கு என்று நான் கேட்டால் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி பாயசம் கேட்பான். அவனிடம் எனக்குக் கோபம் வராது. கோபமெல்லாம் அவன் சொல்வதை வேதம்போலக் கேட்கிற மனிதர் மேல்தான் வரும். வண்டிக்கு ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. வாரண்டி மிச்சம் இருக்கும்போதே கொடுத்துவிட்டால் நல்ல விலை வரும், நீ கால் டாக்ஸியில் போய்க்கொள் என்று ஆரம்பித்தார் என் கணவர்.

கால் டாக்ஸி. முடிச்சூரில் ஒரு சந்துக்குள் நின்றுகொண்டு டாக்ஸி கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இதோ வருகிறேன் என்பார், வர மாட்டார். வந்தாலும், உள்ளே திரும்ப முடியாது மேடம், மெயின் ரோட்டுக்கு வாங்க என்பார். அந்த மெயின் ரோடு வரை நடக்க முடிந்தால் நான் ஏன் டாக்ஸி கூப்பிடுகிறேன்? கார் போனால் என் தொழிலில் பாதி போகும். பாதி தொழில் போனால் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்க வேண்டியதுதான்.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. பாலிசியை நடுவில் சரண்டர் செய்கிறவர்கள்தான் அதிகம் இழப்பார்கள். முதல் வருடங்களில் கட்டியதற்குப் பெரிதாக ஒன்றும் திரும்பி வராது. பொறுத்திருந்தவனுக்குத்தான் போனஸ். இந்த வண்டியும் அப்படித்தான் என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். பெட்ரோல் காரைவிட அதிகமாகக் கொடுத்து வாங்கினோம். அந்த வலியை முதலிலேயே பட்டாகிவிட்டது. இனி வருவதெல்லாம் லாபம். பெட்ரோல் பங்க் வாசலை மிதித்ததில்லை. ஆயில் மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை. செலவு என்று பார்த்தால் இன்ஷூரன்ஸ், ஒரு தடவை டயர் மாற்றியது, கரண்ட் பில். அந்தக் கரண்ட் பில்லுக்கும், ஈ.பி. ஆள் ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தின வாரம் அவர் கீசரை அணைத்துவைத்து, என்னைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கவைத்து, யூனிட் அடுத்த படிக்கு ஏறாமல் பார்த்துக்கொண்டார். இவ்வளவையும் பொறுமையாகச் சொல்லி முடித்த பிறகு அவர், "அதெல்லாம் சரி, பேட்டரி போனா?" என்றார்.

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தோம். வாங்கிய வாரத்தில், சட்டங்கள் பிறப்பதற்கு முன், அவர் ஆபீஸ் போயிருந்த ஒரு நாளில் ஷோரூம்காரர் முழுசாகச் சார்ஜ் ஏற்றி, தீரும்வரை ஓட்டிக் காட்டியபோது இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் போனது. எங்கள் கல்யாண நாளை மறந்தாலும் அந்த எண்ணை அவர் மறந்ததில்லை. பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி நூறு சதவீதம் ஏற்றி, தீரும்வரை ஓட்டுவது. நூற்றைம்பதுக்குக் கீழே நின்றால் விற்றுவிடலாம், நான் வாய் திறக்க மாட்டேன். மேலே போனால் இந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கக் கூடாது. ஏ.சி. போட்டுத்தான் ஓட்டுவேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

ஆயுத பூஜைக்குக் காரைக் குளிப்பாட்டி அலங்காரம் செய்வது அவர் வேலை. மாலை, வாழைக்கன்று, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். அந்த வருடம் பக்தி சற்றுத் தூக்கலாகவே இருந்தது. பந்தயம் வேறு இருக்கிறதே. விற்க நினைக்கிற வண்டிக்கு எதற்கு இத்தனை சந்தனம் என்று கேட்டேன். போகிற பெண்ணைச் சும்மாவா அனுப்புவார்கள் என்று சொல்லிவிட்டு, பெரிய பெரிய பொட்டாக வைத்துக்கொண்டே போனார்.

விஜயதசமி காலையில் சார்ஜ் போட்டார். வழக்கமாகப் பச்சை விளக்கு மின்னும். அன்று சிவப்பு. பிடுங்கிச் செருகினார். சிவப்பு. கூடத்து பிளக் பாயிண்டிலிருந்து வயர் இழுத்தார். சிவப்பு. அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சர்வீஸ் சென்டருக்கு போன் அடித்தால் விடுமுறை, திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்று ஒரு பதிவு செய்த குரல் சொன்னது. அடுத்து அவர் என் தம்பிக்கு அடித்தார்.

தம்பி பைக்கில் பறந்து வந்தான். ஒரு தடவை குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் இருந்த துக்கத்தைப் பார்த்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைப்பீர்கள். பேட்டரி காலி, ஆனாலும் அக்கா வண்டி என்பதால் தானே ஒரு விலைக்கு முடித்துத் தருவதாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்குகிற பார்ட்டியோடு வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறானாம்.

எனக்குச் சுருக்கென்றது. வாரண்டி இருக்கும்போது பேட்டரி போனால் புது பேட்டரி சும்மா கிடைக்குமே, அப்படியென்றால் இப்போது லாபம் யாருக்குடா என்று கேட்டேன். தம்பி செருப்பைத் தேட ஆரம்பித்தான். என் கணவரோ, மழையில் நிறுத்தினீர்கள், மேம்பாலத்தில் நிறுத்தினீர்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லி கார் கம்பெனிக்காரர்கள் க்ளெய்ம் தர மாட்டார்கள், அலைந்து சாக முடியாது என்றார். இத்தனை வருடம் க்ளெய்ம் வாங்கிக் கொடுத்தே பெயர் எடுத்தவள் நான். என் வீட்டிலேயே என் எதிரிலேயே இப்படி ஒரு பேச்சு. சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் குரல் கம்மியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தோற்றுவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.

மத்தியானம் ஆற்றாமையில் பூஜைச் சாமான்களை எடுத்துப் போட்டுக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தேன். கோபம் வந்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். குத்துவிளக்கின் தண்டில் வைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கல்லாக இருந்தது. புளி போட்டும் வரவில்லை. பழைய டூத் பிரஷ்ஷால் குடைந்தேன். வருடா வருடம் இந்தப் பாடுதான், இந்த மனிதர் பொட்டு வைத்தால் ஓட்டையை அடைக்கிற மாதிரிதான் வைப்பார் என்று முணுமுணுத்துக்கொண்டே குடைந்தேன். அப்படிச் சொன்ன வாயோடு கை நின்றுவிட்டது.

எழுந்து வாசலுக்குப் போனேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். காரின் முன்பக்கத்தில் சார்ஜ் போடுகிற இடத்து மூடியைத் திறந்தேன். மூடியின் மேல் ஒரு பொட்டு. அது நியாயம். மூடிக்கு உள்ளே, சார்ஜர் செருகுகிற துளைகளின் மேல் நிலாப் போல வட்டமாக இன்னொரு பொட்டு. நடுவில் குங்குமம் வேறு. எல்லாம் காய்ந்து, சின்னத் துளைகளில் இரண்டை முழுசாக அடைத்திருந்தது.

கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அதுதானே அதுக்கு வாய். வாய்க்கு நேரா ஒரு பொட்டு வச்சா ஆயுசு கெட்டின்னு நெனச்சேன்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். சிரிக்க ஆரம்பித்தவள் அங்கேயே காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு பிறகு சிரித்தார். ஈரம் படாமல், உலர்ந்த பிரஷ்ஷாலும் காது குடையும் பஞ்சாலும் பொடிப்பொடியாகச் சுரண்டி எடுத்தேன். சுவிட்சைப் போட்டுச் செருகியதும் பச்சை விளக்கு மின்னியது. தம்பிக்குச் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பந்தயம் அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரில் நூறு என்று காட்டியபோது அவர் தாலி கட்டும் நேரம் போல வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டி அந்த வண்டி பல வருடமாக மூச்சு விட்டதில்லை. பூஜையில் மிஞ்சிய பொரி கடலையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டோம். பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டி வண்டலூர் வந்ததும் சாலை விரிந்தது. நான் ஏ.சி.யைப் போட்டேன். அவர் வாயைத் திறந்து, பிறகு பந்தயம் நினைவுக்கு வந்து, ஒரு பிடி பொரியைப் போட்டுக்கொண்டு மூடினார்.

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி நரசிம்மரைச் சேவித்தோம். தீபாராதனையில் அர்ச்சகர் நாமத்தை விலக்கிப் பெருமாளின் நெற்றிக் கண்ணைக் காட்டும்போது, இவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. நூற்றைம்பது என்ற எண்ணாகத்தான் இருக்கும், மேலா கீழா என்பதுதான் தெரியவில்லை. அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். சும்மா ஊர் சுற்றுவது என்ற அந்தக் குற்றத்தை நாங்கள் செய்து எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று வயல்களைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் இதே வழியாக வந்திருக்கிறோம். அப்போது பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு போனதை அவர் சொன்னார். நீங்கள் எங்கே தள்ளினீர்கள், நான்தான் தள்ளினேன் என்று திருத்தினேன்.

கோவளத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். கிளம்பும்போது மீன் கூடையோடு போன ஒரு அம்மா எங்கள் காருக்கு முன்னால் துள்ளி விலகினார்.

"இன்னா சார் இது, பூனை மாறி சத்தமே இல்லாம வந்துகினு கீது" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மீன் வாங்கினால் மன்னிப்பதாகச் சொன்னார். புரட்டாசி, வீட்டில் மீன் சமைப்பதில்லை என்றோம். ஊரே அதையேதான் சொல்கிறது, பெருமாள் தன் பிழைப்பில் கைவைக்கிறார் என்று அலுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்.

கேளம்பாக்கம் திரும்பி, வண்டலூர் சாலையைப் பிடித்துத் தாம்பரம் வந்தபோது நூறு கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் இறங்கியிருந்தது மீட்டர். குரோம்பேட்டை, பல்லாவரம் வரை ஒரு நடை. அங்கிருந்து ரேடியல் ரோடு, மேடவாக்கம், மறுபடி தாம்பரம். நூற்றைம்பதைத் தொட்டபோது நான் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினேன். பக்கத்தில் போன ஷேர் ஆட்டோக்காரர் திரும்பி முறைத்தார். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன், வீட்டுக்குப் போகலாமா என்றேன்.

"தீர்ற வரைக்கும்னுதானே பேச்சு" என்றார் அவர்.

இருபது சதவீதத்துக்குக் கீழே மீட்டர் இறங்கி அவர் பார்த்ததே இல்லை. நடுரோட்டில் நிற்கக் கூடாது என்பதற்காக நான் வீட்டுப் பக்கம் வந்து, ஏரியை ஒட்டிய தெருக்களிலேயே சுற்ற ஆரம்பித்தேன். சாயங்கால நடைக்கு வந்த பெரியவர்கள் கூட்டம் முதல் சுற்றில் கை காட்டியது. அடுத்த சுற்றில் உற்றுப் பார்த்தது. அதற்கடுத்த சுற்றில் ஒருவர் காரை நிறுத்தச் சொல்லி, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா மேடம், தேடித் தரட்டுமா என்று கேட்டார். சார்ஜைத் தொலைக்கத்தான் சார் சுற்றுகிறோம் என்றேன். அவர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்துக்கு வந்தபோது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஐந்துக்கு வந்தபோது வண்டி ஒரு மணி அடித்தது. அதற்கப்புறமும் ஓடியது, என்ன, வேகம் மட்டும் தானாகக் குறைந்தது. அவர் ஜன்னல் பக்கத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தார்.

"இவ்வளவு சொல்லுமா இது?" என்றார். "திடீர்னு நின்னுடும்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். நீ தனியா மழையில, இந்தக் காலை வச்சிக்கிட்டு, எங்கேயாவது ரோட்டுல நிக்கிற மாதிரியே எனக்குத் தோணும். ஸ்கூட்டர்ல விழுந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன். யாரோ முகம் தெரியாதவங்கதான் உன்னைத் தூக்கினாங்க."

பணத்துக்குப் பயந்த மனிதர் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுதால் ரோடு தெரியாது என்பதால் அழவில்லை. நின்னா நிக்கட்டும், உங்களுக்கு போன் பண்ண மாட்டேனா என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் வீட்டுக் கேட் முன்னால் வந்து நிறுத்தியபோது ஒரு சதவீதம் மிச்சம் இருந்தது. ஓடிய தூரம் நூற்றெண்பத்தெட்டு. ஆறு வருடத்தில் பேட்டரி இழந்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. என் முழங்கால் அதைவிடப் பல மடங்கு இழந்திருக்கிறது, அதை யாரும் விற்கச் சொல்லவில்லை என்றேன். அவருடைய எண்பது சதவீதச் சட்டமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதை நான் அன்று ஒத்துக்கொள்ளவில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

கேட் அருகே தம்பி பார்ட்டியோடு நின்றிருந்தான். செத்த கார் ஏ.சி. காற்றோடு வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் தொழில் முகம் கழன்று, சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட முகம் வந்தது. என் கணவர் இறங்கி அவன் தோளில் கை போட்டார்.

"வண்டி விக்கிறதுக்கில்ல மச்சான். உள்ள வா, பொரி சாப்பிடு" என்றார்.

பார்ட்டியும் உள்ளே வந்து காப்பி குடித்தார். அவருக்கு முப்பத்தைந்து வயது, ஒரு குழந்தை, கையில் ஒரு பாலிசி இல்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு வரச் சொன்னார். தம்பி என்னிடம் கமிஷனில் பங்கு கேட்டான்.

மறுநாள் காலையில் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நடக்கிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஸ்டேஷன்ல விட்டுடறியா?" என்றார்.

நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினேன். ஏறியதும் அவரே ஏ.சி.யைப் போட்டார். ஸ்டேஷன் என்ன தூரம், நான்கு தெரு. வாசலில் நிறுத்தினேன். உள்ளே ரயில் வருகிற சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தார்.

"அடுத்த டிரெயின்ல போறேன். இன்னொரு சுத்து போ."